பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் தைக்க வேண்டியதும் தைக்கக் கூடாததும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கையால் தைத்த சாமான் கொண்டுபோகும் வழக்கம் நம் வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கங்களில் மறுபடியும் தலைகாட்டுகிறது. சந்தோஷம். ஆனால் அப்படி வருகிற சாமானில் பாதி பீரோவுக்குள்தான் போகிறது. கடுகுத் தலையணை, இரண்டு பக்கமும் வைக்கக் குட்டித் திண்டு, வெல்வெட் குல்லா, சமிக்கி வைத்த கையுறை, ஆரி வேலை செய்த பாவாடை. பெயர் வைக்கிற அன்றைக்கு ஒரு போட்டோ எடுப்பார்கள், அதோடு சரி. அதே வீட்டின் பின்கட்டில் மூத்திரத் துணி பற்றாமல் பாட்டி தன் நூல் சேலையைக் கிழித்துக்கொண்டிருப்பார். தைக்கத் தெரிந்தவர் யோசிக்க வேண்டிய இடம் அந்தப் பின்கட்டு. என்ன தைக்கலாம், எவ்வளவு துணி பிடிக்கும், எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் துணி. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதற்கே, சித்திரை வெயிலில் பிரசவம் வரக்கூடாது என்றுதான் காரணம் சொல்வார்கள். வெயிலுக்கு அப்படிப் பயந்த மண்ணில் ஃப்ளீஸ் கம்பளியும் பாலியஸ்டர் வெல்வெட்டும் கைக்குழந்தைக்குப் பரிசாக வருவது வேடிக்கைதான். மல் (மெல்லிய பருத்தித் துணி), பழைய நூல் வேட்டி, பாப்ளின், பனியன் துணி, டவல் துணி, இவை போதும்.

கடையில் "சுத்த காட்டன்மா" என்று சொன்னால் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் நாலு நூலை உருவித் திரித்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம்போல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாக நிற்கும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி கெட்டிப்படும். மணி விழுந்த துணி பிள்ளையின் வியர்வையையும் உறிஞ்சாது, மூத்திரத்தையும் உறிஞ்சாது.

வாங்கிய துணியை உடனே மேஜையில் விரித்து வெட்டிவிடக் கூடாது. ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். புதுத் துணியில் ஏறியிருக்கும் கஞ்சி போகாமல் அது தண்ணீரை வாங்காது. கஞ்சி போய்விட்டதா என்று பார்க்க ஒரு சொட்டு விட்டாலே தெரியும்: போயிருந்தால் சொட்டு உடனே பரவும், போகாவிட்டால் முத்துமாதிரி நிற்கும். சுருக்கம் இன்னொரு தொல்லை. புதுப் பருத்தித் துணி முதல் அலசலில் மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரைகூட இழுத்துக்கொள்ளும். முன்பக்கம் பாப்ளின், பின்பக்கம் டவல் என்று தைத்த பிப் (பிள்ளையின் கழுத்தில் கட்டும் எச்சில் துணி) முதல் துவைப்பிலேயே படகுமாதிரி வளைந்துபோவது இதனால்தான். ஒன்று சுருங்குகிறது, மற்றது சுருங்குவதில்லை. தையலின் மேல் பழி போட்டுப் பிரயோஜனம் இல்லை.

சாயமும் பார்க்க வேண்டும். ஈர வெள்ளைத் துணி ஒன்றை வாங்கிய துணிமேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி எடுங்கள். வெள்ளையில் நிறம் இறங்கியிருந்தால் அது பிள்ளை வாயில் வைக்கிற எதற்கும் ஆகாது. குடியாத்தம் கைத்தறி லுங்கித் துணி உழைக்கிற துணி. ஆனால் கட்டத்தில் அடர் சிவப்போ கருநீலமோ இருந்தால் இந்தச் சோதனை இல்லாமல் தொட வேண்டாம். மூன்று நாலு தடவை அலசியும் தண்ணீர் தெளியவில்லை என்றால் அதில் கடைக்குப் போகும் பை தைத்துக்கொள்ளலாம்.

பழைய வேட்டி, சேலை பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே எடுத்துத் தைத்துவிடாதீர்கள். அந்த வெள்ளை உருண்டைகளில் பல நாப்தலின். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்கிற என்சைம் குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு நாப்தலின் வாடைபட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை கடுமையாகலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே உருண்டை வாசனை ஏறிய துணியைப் பிள்ளைச் சாமானுக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடுவதே சரி. தைத்து முடித்ததைப் பத்திரப்படுத்துகிறேன் என்று உருண்டை போட்டு வைப்பதும் வேண்டாம்.

இனி மூத்திரத் துணி. பரிசாகக் கொடுக்கிற சாமானா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு துணி நனைவது சாதாரணம். மழை நாளில் அத்தனையும் காய வேண்டும். எண்ணிக்கை தெரிந்தவர்களுக்கு இந்தப் பரிசின் அருமை தெரியும்.

எட்டு முழ வேட்டி ஒன்று சுமார் 3.6 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம் இருக்கும். கரையில் ஜரிகை இருந்தால் இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் வெட்டி எடுத்துவிடுங்கள், ஜரிகை தொடை இடுக்கில் கீறும். மீதி அகலம் 1.2 மீட்டர். அதை நீளவாக்கில் இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டினால் பன்னிரண்டு சதுரம் வரும். ஒரு பழைய வேட்டி, பன்னிரண்டு துணி. விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், இழை விட்டுப்போன இடம் கண்ணாடிமாதிரி தெரியும். அதைத் தவிர்த்து வெட்டுங்கள்.

ஓரத்தை ஓவர்லாக் போட்டுக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். போடாதீர்கள். ஓவர்லாக் நூல் ஒரு இடத்தில் அறுந்தால் வளையம் வளையமாகப் பிரிந்து வரும். அந்த நூல் பிள்ளையின் கால் விரலில் சுற்றி, உதைக்க உதைக்க இறுகி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். விரல் வீங்கி நீலம் பாய்ந்த பிறகுதான் பெரியவர்கள் கவனிப்பார்கள். கால் இஞ்ச் மடித்து, மறுபடி கால் இஞ்ச் மடித்து, நேர்த் தையலாக அடியுங்கள். பிசிறு உள்ளே போய் மூடிக்கொள்ளும்.

மெல்லிய மல்லில் எல்லோரும் தடுமாறுகிற இடம் மூலை. ஊசி இறங்கியதும் மிஷின் துணியைத் தட்டின் ஓட்டைக்குள் இழுத்து முடிச்சுப் போட்டுவிடும். 16ஆம் நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு 11ஆம் நம்பர் புது ஊசி மாட்டுங்கள். நுனி மழுங்கிய ஊசி மல்லைக் குத்தாமல் தள்ளும். தையலை மூலையில் ஆரம்பிக்காமல் அரை இஞ்ச் தள்ளி ஆரம்பித்து, மேல் நூல், பாபின் (அடி) நூல் இரண்டின் வாலையும் பின்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் நாலு தையலைப் போடுங்கள். அப்படியும் இழுத்தால் அடியில் ஒரு மெல்லிய டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்து எடுத்துவிடலாம். மூலையில் மடிப்பு நாலு அடுக்காகக் குவிந்து கல்மாதிரி ஆகும், அதனால் மடிப்பதற்கு முன் நுனியைக் குறுக்காகக் கொஞ்சம் வெட்டிவிட வேண்டும்.

நன்றாக உறிஞ்சட்டும் என்று நாலைந்து அடுக்கு வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்துத் திண்டுபோல ஆக்குகிறவர்கள் உண்டு. வெளியே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே காயாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாளில் வாடை வந்துவிடும். ஒற்றைத் துணியாகத் தைத்துக் கொடுங்கள். தேவைக்கு அம்மாவே மடித்துக்கொள்வாள், கொடியில் விரித்தால் சட்டென்று காயும். அரைஞாண் கயிற்றில் செருகும் கோவணமாக வேண்டும் என்றால் 8 இஞ்ச் அகலம், 24 இஞ்ச் நீளம் போதும். ஊக்கு மட்டும் அந்தக் கட்டில் வைக்காதீர்கள்.

அடுத்தது ஜபலா, அதாவது கைக்குழந்தையின் சட்டை. பழைய தையற்காரர்கள் வைத்த வடிவமே இன்றைக்கும் சரி. தோளில் தையல் கிடையாது, கையைத் தனியாக வெட்டி ஏற்றுவதும் கிடையாது. 16 இஞ்ச் அகலம், 23 இஞ்ச் நீளம் உள்ள ஒரே துண்டு. அதைக் குறுக்கே பாதியாக மடித்தால் மடிப்புதான் தோள். மடிப்பிலிருந்து 4 இஞ்ச் இறக்கம் கைக்கு. அதற்குக் கீழே இரு பக்கமும் 3 இஞ்ச் உள்ளே தள்ளி வெட்டிவிட்டால் நடுவில் உடம்புக்கு 10 இஞ்ச் நிற்கும். தையலுக்குப் போக மார்புச் சுற்று 18 இஞ்ச் வரும், பிறந்த பிள்ளைக்குத் தாராளம். கழுத்துக்கு மடிப்பின் நடுவிலிருந்து இப்படி 2, அப்படி 2 இஞ்ச். பின் இறக்கம் அரை இஞ்ச், முன் இறக்கம் ஒன்றரை இஞ்ச். பிறகு முன்பக்கத்தை நடுவில் மேலிருந்து கீழ்வரை வெட்டித் திறந்துவிடுங்கள்.

முதுகில் திறப்பு வைத்துத்தான் பலரும் தைக்கிறார்கள், கடையில் வாங்குவதும் அப்படித்தான் வருகிறது. நாளெல்லாம் மல்லாந்து படுத்திருக்கிற பிள்ளைக்கு முதுகில் எதற்கு முடிச்சு? முன்பக்கம் திறந்தால் பிள்ளையைப் புரட்டாமலே மாட்டலாம், கழற்றலாம். வெட்டிய ஓரங்களை அரை அரை இஞ்ச் மடித்து அடித்தபின் நடுவில் ஒரு இடைவெளி விழும். விழட்டும். தொப்புள் கொடி காய்ந்து விழும்வரை அங்கே காற்றுப்படுவது நல்லதுதான்.

36 இஞ்ச் அகலத் துணி ஒன்றேகால் மீட்டர் வாங்கினால், சுருக்கம் போக, மூன்று ஜபலா எடுக்கலாம். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நேராகப் போடுங்கள், மூன்றாவதைத் திருப்பிக் குறுக்காகப் போடுங்கள். மீதியில் கழுத்துக்குக் கிராஸ் பீஸும் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) நாடாவும் வந்துவிடும். நேராக ஒரு மீட்டர் வாங்கி வந்து மூன்றாவதற்கு ஒரு இஞ்ச் பற்றாமல் முழிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

அக்குள் மூலையைச் செங்கோணமாக வெட்டாதீர்கள், ஒரு ரூபாய்க் காசு வைத்த அளவுக்கு வளைத்து வெட்டுங்கள். பக்கத் தையலுக்கு பிரெஞ்சுத் தையல்தான் நல்லது. நல்ல பக்கம் வெளியே தெரிய கால் இஞ்சில் ஒரு தையல், அதன் பிசிறை நூலளவுக்கு வெட்டி, வளைவில் மூன்று நாலு இடத்தில் தையலைத் தொடாமல் சின்ன வெட்டுக் கொடுத்து, உள்ளே திருப்பி மறுபடி கால் இஞ்ச். அந்தச் சின்ன வெட்டுகளை விட்டுவிட்டால் அக்குளில் துணி கொசுவிக்கொண்டு நிற்கும், உரசி உரசித் தோல் சிவக்கும். கழுத்துக்குக் கிராஸ் பீஸ் ஒன்றேகால் இஞ்ச் அகலம், 11 இஞ்ச் நீளம். வளைவில் கிராஸ் பீஸை மட்டும் லேசாக இழுத்துக் கொடுத்து அடிக்க வேண்டும். நேர் பீஸில் கழுத்துக் கட்டினால் எவ்வளவு சாமர்த்தியமாகத் தைத்தாலும் விறைத்து நின்று தாடையைக் குத்தும்.

நாடா இரண்டு ஜோடி, ஒவ்வொன்றும் 5 இஞ்சுக்கு மேல் வேண்டாம். முதல் ஜோடி கழுத்திலிருந்து 2 இஞ்ச் கீழே, மார்பில் வரட்டும். கழுத்தில் வேண்டாம். 7 வயது வரையுள்ள குழந்தை உடுப்பில் கழுத்திலோ தலைப்பகுதியிலோ கட்டும் கயிறு இருக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் தர விதியே வைத்திருக்கிறார்கள். எங்கேயாவது மாட்டி இறுகினால் பிள்ளையால் விடுவித்துக்கொள்ள முடியாது என்பதுதான் விஷயம்.

முப்பதாம் நாளுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன அளவில் ஒன்று போதும். மற்ற இரண்டையும் மார்பு 20, நீளம் 12 வரும்படி பெரிதாக வெட்டுங்கள், துணி ஒரு கால் மீட்டர் கூடுதலாகப் பிடிக்கும். பிள்ளை வளர்கிற வேகத்தில் சின்ன ஜபலா இரண்டு மாதத்தில் தம்பி தங்கைக்கு என்று எடுத்துவைக்கப்படும்.

ஜொள்ளு வடிகிற நாலாம் மாதத்திலிருந்து பிப் தேவைப்படும், சோறு ஊட்ட ஆரம்பித்தபின் இன்னும் அதிகம். 8 இஞ்ச் அகலம், 12 இஞ்ச் நீளம். மேல் ஓரத்திலிருந்து மூன்றரை இஞ்ச் கீழே நடுப்புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒன்றேமுக்கால் இஞ்ச் ஆரத்தில் வட்டம் போடுங்கள். மூன்றரை இஞ்ச் வாய் உள்ள டபரா வீட்டில் இருந்தால் கவிழ்த்து வைத்து வரைந்துகொள்ளலாம். வெளி மூலைகளுக்கும் அதே டபரா. மேல் ஓரத்திலிருந்து வட்டம்வரை நேராக வெட்டித் திறந்தால் இரண்டு பக்கமும் கழுத்துப் பட்டை வந்துவிடும். முன்பக்கம் பாப்ளின், பின்பக்கம் டவல். நல்ல பக்கம் இரண்டும் உள்ளே பார்க்க வைத்து, அடியில் மூன்று இஞ்ச் விட்டுச் சுற்றித் தையுங்கள். டவல் கீழே, பாப்ளின் மேலே இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் பிரஷர் ஃபுட் (துணியை மேலிருந்து அழுத்தும் பாதம்) டவலைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் அரை இஞ்ச் மிச்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே இருந்தால் மிஷினின் பல்லே அதைச் சமமாக இழுத்துக்கொள்ளும். இஞ்சுக்கு 8 தையல் போதும். நெருக்கமாகப் போட்டால் டவலின் கண்ணிக்குள் ஊசி மாட்டும்.

திருப்புவதற்கு முன் கழுத்து வளைவு முழுக்க அரை இஞ்சுக்கு ஒரு வெட்டு. இதைச் சோம்பல்பட்டு விட்ட பிப்பைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம், கழுத்து வட்டமாக இராமல் எட்டு மூலையோடு இருக்கும். திருப்பி, விட்ட இடத்தை உள்ளே மடித்து, விளிம்பிலிருந்து நூலளவு தள்ளி மேலே ஒரு சுற்றுத் தையல். டவல் தைத்து முடித்ததும் பாபின் பெட்டியைக் கழற்றி உள்ளே பாருங்கள், ஒரு பஞ்சு மூட்டையே இருக்கும். பிரஷ்ஷால் எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் அடுத்த துணியில் தையல் விட்டு விட்டு விழும்.

பட்டைக்கு வெல்க்ரோ வேண்டாம். கழுத்தைப் பிராண்டும், துவைக்கும்போது பக்கத்தில் இருக்கிற மல்லையெல்லாம் பிய்க்கும். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் டிச் பட்டன் நல்லது. ஒரு இஞ்ச் மேலேறும்படி ஒன்று, இரண்டு இஞ்ச் மேலேறும்படி ஒன்று என இரண்டு இடத்தில் வைத்தால் பிள்ளை வளர வளரத் தளர்த்திக்கொள்ளலாம். வைக்கிற இடத்தில் உள்ளே காடாத் துணித் துண்டு ஒன்று கொடுத்து, ஒவ்வொரு துளையிலும் ஆறு தடவை ஊசி ஏற்றுங்கள். வெறும் டவலில் தைத்த பட்டன் பத்து நாளில் கையோடு வரும். ஒன்றேகால் இஞ்ச் விட்டமுள்ள குழாய்க்குள் போகிற எதுவும் பிள்ளையின் தொண்டைக்குள்ளும் போகும் என்பதுதான் பொம்மைச் சோதனையில் உலகம் முழுக்க வைத்திருக்கிற கணக்கு. பட்டன், பாசி, சமிக்கி, பொம்மைக் கண் எல்லாமே அதற்குள் அடக்கம். தைத்த பட்டனைக் குறடால் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அடிக்கு விரிக்கிற ரப்பர் ஷீட் விஷயத்தில் நல்ல தையற்காரர்களே சறுக்குகிறார்கள். மேலே பூப்போட்ட காட்டன், நடுவில் டவல், அடியில் ரப்பர் ஷீட் என்று மூன்றையும் சேர்த்து வைர வைரமாகத் தையல் போட்டு அழகாகக் கொண்டுவருவார்கள். ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை. முதல் ராத்திரியே மெத்தை நனைந்துவிடும். ரப்பர் ஷீட்டில் குண்டூசிகூடக் குத்தக் கூடாது. சரியான வழி உறை தைப்பது. 18 இஞ்சுக்கு 24 இஞ்ச் ஷீட் என்றால், மேலே மல்லும் அதனடியில் டவலும், கீழே பாப்ளினும் வைத்து, 19க்கு 25 முடிந்த அளவில் தலையணை உறைபோல ஒன்று தைத்து, கால் பக்கம் வாய் திறந்து விடுங்கள். வாயில் 4 இஞ்ச் உள்மடிப்பு இருந்தால் ஷீட் வெளியே நழுவாது. உறையைக் கொதிக்கிற தண்ணீரில் போடலாம், ஷீட்டைத் துடைத்து வைக்கலாம். இரண்டு உறையும் ஒரு ஷீட்டும் சேர்த்துக் கொடுத்தால் அது முழுப் பரிசு. ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிற குடும்பங்களுக்கு இதைவிட உபயோகமானது எனக்குத் தோன்றவில்லை.

ஷீட்டின் விளிம்புக்கு மட்டும் பட்டி கட்ட விரும்பினால் குண்டூசிக்குப் பதிலாகத் துணி கிளிப் மாட்டுங்கள். ரப்பர் பிரஷர் ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு நகராது, மேலே டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துக் கிழித்துவிடலாம். ரப்பர் ஷீட்டுக்குப் பதில் பாலித்தீன் கவரை வைத்துத் தைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். தையல் பிரிந்து கவர் முகத்தில் ஒட்டினால் மூச்சு நின்றுவிடும்.

பிள்ளையைச் சுற்றுகிற துணிக்கு 44 இஞ்ச் மல் இரண்டரை மீட்டர் வாங்கினால் இரண்டு சதுரம். ஓரம் மடித்து அடிப்பதைத் தவிர அதில் வேறு வேலையே இல்லை. கொடுக்கும்போது சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: கால் இரண்டையும் நேராக நீட்டி இறுக்கிச் சுற்றினால் இடுப்பு மூட்டு நழுவ வாய்ப்பிருக்கிறது. இடுப்புக்குக் கீழே தவளைமாதிரி கால் மடங்கி அசைய இடம் விட வேண்டும். பிள்ளை புரளப் பார்க்கிற அறிகுறி தெரிந்த அன்றோடு சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

தைக்கக் கூடாதவற்றுக்கு வருகிறேன். முதல் இடம் கடுகுத் தலையணைக்கு. தலை உருண்டையாக வரும் என்று நம்பித்தான் தைக்கிறார்கள், அந்த அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வயதுவரை பிள்ளை தூங்குகிற இடத்தில் தலையணை, திண்டு, மெத்தென்ற பொம்மை எதுவும் கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. கெட்டியான சமமான படுக்கையில் மல்லாந்து படுக்க வேண்டும். தொட்டிலின் பக்கத்தில் வைக்கிற திண்டுகளில் முகம் புதைந்து மூச்சுத் திணறுவதால், அமெரிக்காவில் 2022-ல் அவற்றின் விற்பனையையே சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள். தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க, விழித்திருக்கும்போது பெரியவர் கண்ணெதிரே குப்புறப் போட்டு விளையாட விடலாம், படுக்கவைக்கும்போது தலையை ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். தலையணையின் தையல் ஒரு இடம் விட்டுப்போனால் சிதறுகிற கடுகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

கையுறையிலும் உள்பக்கத்து நூல்தான் ஆபத்து, கால் விரலுக்குச் சொன்னதே கை விரலுக்கும். நகம் கீறும் என்றால் நகத்தை வெட்டிவிடுவது சுலபம். குல்லா நம் வெயிலில் வீட்டுக்குள் தேவைப்படாது. 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறந்த பிள்ளைக்கு மருத்துவர் சொன்னால் தைக்கலாம். பனியன் துணியில், உருண்டை நுனி ஊசி போட்டு, லேசான ஜிக்ஜாக் தையல். சாதாரண ஊசி பனியன் இழையை அறுத்து ஓட்டை விழவைக்கும், நேர்த் தையலோ இழுத்தால் தெறிக்கும்.

தூளிக்கு எதுவும் தைக்காதீர்கள். முழு நூல் சேலை ஒன்றைத் துவைத்து, ஒட்டுப்போட்ட இடமோ நைந்த இடமோ இல்லாமல் பார்த்துக் கொடுங்கள். பாரம் தாங்குகிற துணியில் வீட்டுத் தையலை நம்பக் கூடாது. முதல் மாதங்களில் தூளிக்குள் பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டி மடங்கினால் மூச்சு அடைபடும், ஆகவே ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தைக்க உட்காரும்போது டப்பாவிலிருந்து குண்டூசியை எண்ணி எடுங்கள். பத்து எடுத்தால் பத்தும் திரும்ப டப்பாவுக்குள் விழ வேண்டும். ஒன்பதுதான் இருக்கிறது என்றால் தைத்ததைப் பிரித்தாவது பத்தாவதைத் தேட வேண்டும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை முடிந்த துணிமேல் இரண்டு பக்கமும் ஓட்டினால் மறைந்திருப்பது ஒட்டிக்கொண்டு வரும். மிஷின் ஊசி உடைந்தால் நுனி கிடைக்கும்வரை அடுத்த தையல் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்து, வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காமல் வெயிலில் காயவைத்து மடித்துக் கொடுங்கள். அந்தத் திரவங்கள் துணியில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். நம் போர் தண்ணீரின் உப்பும் சோப்பும் சேர்ந்தால் துணி விறைக்கும், கூட ஒரு தடவை அலச வேண்டும். புதுத் துணிக்கு மஞ்சள் வைக்கிற வழக்கம் உள்ளவர்கள் மடிப்பின் உட்புறத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். மஞ்சப்பையில் போட்டுக் கொடுப்பதும் அழகுதான், ஈரம் காயாமல் போட்டுவிட்டால் பை தன் நிறத்தைப் பன்னிரண்டு துணிக்கும் பங்கு வைத்துவிடும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஜபலா, பிப் இரண்டின் வெட்டுப்படத்தை மெய்யளவிலேயே உங்கள் பெண்கள் பக்கத்தில் போட முடியுமா? பிப் அரைப் பக்கத்துக்குள் அடங்கும். ஜபலாவை மடித்த அளவில் பாதி வரைந்தால் 8 இஞ்சுக்கு 11½ இஞ்ச், அதுவும் அடங்கும். போட்டால் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: செய்தித்தாளை வெள்ளை மல்லின் மேல் நேரடியாக வைத்து வெட்ட வேண்டாம், மை ஒட்டும். பழுப்புத் தாளில் படியெடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஒரு தையல் ஆசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.